கடைசிக்கும் பாவிக்கும் நடுவே ஒரு ப்

12-11-56, திங்கள்

அச்சாபீஸில் இன்று வெட்டிய படங்கள்: பீடிக் கட்டுக்கு ஒரு லேபிள், கல்யாணப் பத்திரிகைக்கு இரண்டு கிளி. புரூஃபைப் பார்த்துவிட்டு முதலாளி கங்கப்பன், "ஏம்ப்பா தீர்த்தகிரி, இதுங்க ரெண்டும் அடிச்சிக்கிற மாதிரி இல்ல இருக்குது? கல்யாணத்துக்குன்னு சொன்னனே" என்றார். கல்யாணம் ஆன கிளிகள் என்றேன். சிரித்துவிட்டு அப்படியே மெஷினில் ஏற்றச் சொன்னார். இந்த ஓசூரில் என் கைக்கு இருக்கிற மரியாதை இவ்வளவுதான்.

சாயங்காலம் ஓட்டலில் இட்லி. வீட்டில் அடுப்பு எரிந்து ஆறு மாதம் ஆகிறது. வெள்ளையம்மா ஊத்தங்கரையில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். போனவள் அவள், வரவேண்டியவளும் அவள்தான். கட்டினவன் போய்க் கூப்பிடுவான் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு என்னைத் தெரியாது.

16-11-56

ஒரு பெரிய மனிதர் வந்தார். நாராயணப்பன். மூக்கண்டப்பள்ளிப் பக்கம் நிலம் நீச்சு உள்ளவர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், நாவல் மட்டும் தமிழில் எழுதியிருக்கிறார்! கதை கி.பி. இரண்டாயிரத்தில் நடக்கிறதாம். "மூக்கண்டப்பள்ளி பூராவும் பொகபோக்கிதான் தம்பி. ஆடு மேய ஒரு மொழம் பொறம்போக்கு இருக்காது. பெங்களூர்க் கம்பெனி எல்லாம் இங்க வந்து குந்திக்கும்" என்றார். அவர் போன பிறகு கங்கப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நேற்றுகூட அந்தப் பக்கம் போய் ஆட்டுப் புழுக்கையை மிதித்துவிட்டு வந்தாராம்.

அட்டைப் படம் நான்தான் போட வேண்டும். "ஆலைய வரஞ்சி ஆலைன்னு காட்டாதே. ஒண்ணக் காட்டி இன்னொண்ணச் சொல்லணும். வாங்கறவன் நின்னு யோசிக்கணும்" என்றார். சரி, ஆள் முழு மடையன் இல்லை. ஆனால் கையில் கொடுத்தது முதல் அத்தியாயம் மட்டும். மிச்சத்தை இப்போது காட்டமாட்டாராம், கதை வெளியே போய்விடுமாம். எவன் திருடப் போகிறான் இதை?

தலைப்பு: கடைசி பாவி.

17-11-56

படித்தேன். நன்றாக இருக்கிறது என்று எழுத எரிச்சலாக வருகிறது. நன்றாகத்தான் இருக்கிறது.

விடியும் முன்பே ஜனங்கள் பித்தளை வில்லையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். கம்பெனிக் காவல்காரன் ஒவ்வொருவராக உள்ளே விடுகிறான். 'கடைசி பாவியை எட்டிப் பார்க்கக் காத்திருந்தார்கள். எட்டிப் பார்த்தவர்கள் பேசாமல் திரும்பினார்கள்.' அத்தியாயம் அங்கே முடிகிறது. பாவம் செய்தவர்கள் எல்லாரும் செத்து ஒழிந்து, மிச்சம் இருக்கிற ஒரே ஒருவனைக் காட்சிப்பொருளாக வைத்திருக்கிறார்கள் போல.

தலைப்பில் நடுவே ப் போடவில்லை. நாவல் எழுதுகிறவருக்கு வல்லினம் எங்கே மிகும் என்று தெரியாது! நான் வித்துவான் பரீட்சையில் தவறியது ஒரு தாளில். அது இலக்கணத் தாள் அல்ல.

21-11-56

முள் இல்லாத கடிகாரம் போட்டேன், கிழித்தேன். புகைபோக்கியைச் சுற்றின பாம்பு, அதையும் கிழித்தேன். மண்டை ஓடு போட்டதும் நாடகக் கம்பெனி நோட்டீஸ் மாதிரி ஆகிவிட்டது. கங்கப்பன் எட்டிப் பார்த்து, "பயமாக்குதுப்பா, சாப்புட்டு வரேன்" என்று போய்விட்டார்.

பாவத்தை எப்படிக் காட்டுவது? கத்தி, ரத்தம் என்றால் அது கொலை. பாவி என்று சொல்லப்பட்ட அந்த நிமிஷத்தில் முகம் எப்படி ஆகும்? அதை யார் பார்த்திருக்கிறார்கள்?

24-11-56

நான் பார்த்திருக்கிறேன்.

சித்திரை கடைசியில் குழந்தை போயிற்று. பேதி. நாங்கள் இந்த ஊருக்கு வந்து அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஒருத்தர் பேச்சும் பிடிபடவில்லை. பக்கத்து வீட்டுக் கெம்பம்மா ஓடி வந்து வாசலில் நின்று, மாரில் அடித்துக்கொண்டு, "பாவி, பாவி" என்று கத்தினாள். அவள் கன்னடத்தில் எனக்குப் புரிந்தது அந்த ஒரு சொல்தான். தெருவுக்கே தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். குழந்தைக்குத் தண்ணீர் புகட்டியவள் வெள்ளையம்மாதானே. நானும் சொன்னேன். அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். "பாவி, எம் புள்ளைய முழுங்கிட்டியேடி."

வெள்ளையம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அழவில்லை. வாய் மட்டும் திறந்தது. சத்தமே வராமல், வட்டமாக, இருட்டாக, அப்படியே நின்றது.

அதுதான் அட்டை. கீழே வரிசையாகப் புகைபோக்கிகள், அவற்றின் புகையில் அந்த முகம், அந்த வாய். மத்தியானம் உட்கார்ந்து விளக்கு வைப்பதற்குள் வரைந்து முடித்தேன். ஒரு கோடு அழிக்கவில்லை. என் ஆயுசில் இப்படி ஒரு படம் என் கையில் இறங்கியதில்லை. சந்தோஷமாக இருக்கிறது, ஏன் மறைக்க வேண்டும்?

அவள் பார்த்துவிடுவாளா? ஊத்தங்கரைக்கு இந்த வருஷத்துப் பஞ்சாங்கமே அடுத்த வருஷம்தான் போய்ச் சேரும்.

26-11-56

லினோத் தகட்டில் படத்தைக் கத்தியால் வெட்டினேன். படத்தை இடவலம் மாற்றிப் போட்டுக்கொண்டு வெட்ட வேண்டும், அப்போதுதான் தாளில் நேராக விழும். தொழிலில் முதல் நாள் சொல்லிக் கொடுப்பது இது. நான் வேண்டுமென்றே மாற்றவில்லை. வெள்ளையம்மாவுக்கு இடது கண்ணுக்குக் கீழே மச்சம். நேராக வெட்டினால் அச்சில் அது வலது கண்ணுக்குக் கீழே போய் விழும். யாராவது ஜாடை பிடித்துக் கேட்டால், மச்சத்தைப் பாரய்யா என்று சொல்லிவிடலாம்.

மச்சத்தையே விட்டுவிட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. மச்சம் இல்லாமல் முகம் சப்பென்று இருந்தது.

29-11-56

தலைப்புக்குப் பெரிய மர எழுத்துகளை நானே அடுக்கினேன். முதலாளி கிருஷ்ணகிரி போயிருந்தார். கடைசி, பாவி. நடுவே அந்த ஓட்டை கண்ணை உறுத்தியது. பெட்டியில் தேடி ஒரு ப் எடுத்துச் செருகினேன். கடைசிப் பாவி. இப்போதுதான் தமிழ். நூல் எழுதியவர் பார்த்தால் கற்றுக்கொள்ளட்டும்.

2-12-56, ஞாயிறு

வெள்ளையம்மாவின் அண்ணன் மாரிசாமி வந்திருந்தார். ஒரு மூட்டை ராகி, ஒரு பூசணிக்காய். வீட்டின் கோலத்தைப் பார்த்துவிட்டுத் தானே விளக்குமாறு எடுத்துக் கூட்டினார். எனக்கு அவமானமாக இருந்தது, அதனால் சத்தம் போட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "தை பொறக்கட்டும் மாப்ளே, அனுப்பி வெக்கிறேன். ஆனா நீங்களே வரணும். வந்து ஒரு நல்ல வார்த்த சொல்லிக் கூட்டியாரணும். அது ஒண்ணுதான் அவ கேக்கறா."

"என்ன வார்த்தை?"

"அது உங்களுக்கே தெரியுமுங்கறா."

தெரியும். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள். வெட்டின லினோ ஒட்டுமா?

அவர் போன பிறகு வீடு சுத்தமாக, ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தது. அவள் வந்தால் தேவலை. இதை எழுதிவிட்டு அடிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும், யார் படிக்கப் போகிறார்கள்.

8-12-56

அட்டை முழுவதும் அடித்தாயிற்று. கறுப்பு, செங்கல் சிவப்பு. காயப்போட்ட இடத்தில் எல்லாப் பக்கமும் அவள் முகம். கங்கப்பன் குனிந்து குனிந்து நடந்தார். "எந்தப் பக்கம் போனாலும் பாக்கறாளேப்பா" என்றார்.

11-12-56

நாராயணப்பன் வந்தார். ஒரு அட்டையை எடுத்தார். திருப்பினார், முன்னும் பின்னும் பார்த்தார்.

"எம் பாவி எங்கப்பா?"

இதோ என்று முகத்தைக் காட்டினேன்.

"யாரு இவ? நான் பாவி கேட்டா நீ பொம்பளைய வரஞ்சி வெச்சிருக்கே! பாவி, பாவி! தண்ணி எறைக்கற பாவி!"

கிணறு.

தெலுங்கிலும் கன்னடத்திலும் கிணற்றுக்குப் பெயர் அதுதான். 'பாம்பு' என்பதில் முதல் ப அல்ல, இரண்டாவது ப. இரண்டாயிரத்தில் எல்லாத் தண்ணீரையும் ஆலைகள் உறிஞ்சிவிட, மிச்சம் இருக்கிற கடைசிக் கிணறு. அதைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள். இந்தச் சொல்லைத் தெருவில் நான் கேட்காமல் இல்லை. ஆனால் தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத்தானே நிற்கிறது! தமிழில் எழுதினால் தமிழாகத்தானே படிப்பேன்!

"நடுவுல இந்த ப் யாரு வெச்சது? நான் வெக்கலியே" என்றார் நாராயணப்பன்.

கங்கப்பன் வேறு சேர்ந்துகொண்டார். "அந்த ப் இருக்கப் போயிதான் நானும் தமிழ்ப் பாவின்னு நெனச்சி அடிச்சிட்டேன். பேருலயே தீர்த்தத்த வெச்சிக்கிட்டு கெணத்தக் கோட்ட வுட்டியேப்பா."

வேறு லினோ வெட்டித் தருகிறேன், ஒரு வட்டம், உள்ளே கறுப்பு, அரை நாள் வேலை என்றேன். நாராயணப்பன் அட்டையை வெளிச்சத்தில் பிடித்தார். வாயின் மேல் விரலை வைத்தார். "வட்டமா, இருட்டா..." என்றார். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று ஒன்றைச் சுருட்டிக்கொண்டு போனார்.

எனக்கு இதெல்லாம் பாதிதான் காதில் விழுந்தது. அவர் சொன்ன அந்தச் சத்தம். அந்த இரண்டாவது ப. அன்றைக்குக் கெம்பம்மா வாசலில் நின்று கத்தியது எந்த ப?

12-12-56

கேட்டுவிட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

கெம்பம்மா முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"பாவி நீரு கெட்டோய்த்து, பாவி நீரு கெட்டோய்த்துன்னு கத்துனேன் அண்ணா. கெணத்துத் தண்ணி கெட்டுப்போச்சின்னு. சித்திரையில அடிமண்ணு கலங்கி, எலி செத்து மெதந்துச்சி. எங்க அண்ணன் மக்க ரெண்டும் அதே வாரந்தான் போச்சி. நீங்க எதுக்கு ஒங்க பொண்டாட்டியப் பாத்துக் கத்துனீங்கன்னு எனக்கு அப்பப் புரியல."

இப்போது புரிகிறதா என்று நான் கேட்கவில்லை. அவள்தான் மேலே சொன்னாள். "நல்ல பொண்ணுண்ணா அவ. தண்ணி நாத்தம் வருது, அச்சாபீசு பாவியில ஒரு கொடம் கொண்டாங்கன்னு ஒங்கள எத்தினி வாட்டி கேட்டா! எனக்கே காதுல வுழுந்துச்சே."

கேட்டாள். ஆண்பிள்ளை குடத்தைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் நடப்பதா என்று கேட்டேன். அத்தனை தூரம் அவள் போய் வந்திருக்கலாமே, கைக்குழந்தையை யாரிடமாவது விட்டுவிட்டு. யாரிடம்? ஊர் புதிது. சரி. போகட்டும். நான் பகல் முழுவதும் அச்சாபீஸ் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தேன். எனக்கு வயிறு ஒன்றும் செய்யவில்லை.

14-12-56

வேலைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன்.

18-12-56

நாராயணப்பன் திரும்பி வந்தார். அட்டை மாற்ற வேண்டாமாம். முகத்தைச் சுவரில் மாட்டிவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். "உன் கையில சரஸ்வதி இருக்கறா தம்பி. அந்த வாயிதான் எம் பாவி. கெணறும் அவதான், கெணத்தக் கெடுத்தவளும் அவதான். ப்-உம் இருக்கட்டும், ரெண்டுக்கும் பொருந்தும். நான் கடைசி அத்தியாயத்த மாத்தி எழுதறேன்."

இதுவரை யாரும் என் படத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. கங்கப்பன் இருக்கும்போதே நாராயணப்பன் இதைச் சொன்னார். அட்டைப்படம்: தீர்த்தகிரி என்று உள்பக்கத்தில் தனியாகப் பெயர் போடுவாராம்.

பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். "வரஞ்சவன் நீ. உனக்குத்தான் தெரியும். இவ என்ன செஞ்சா?"

கிணறுதான் கெட்டது, இவள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஐந்தே சொல். சொல்லியிருந்தால் அவர் படத்தை மேஜைமேல் போட்டுவிட்டு, சரி, ஒரு வட்டம் வெட்டு என்றிருப்பார்.

"தண்ணி கெட்டதுன்னு தெரிஞ்சே புள்ளைக்குப் புகட்டுனா" என்றேன்.

நாராயணப்பன் தொடையில் தட்டினார்.

27-12-56

கடைசி அத்தியாயத்தின் புரூஃப் என் மேஜைக்கு வந்தது. பாவிக்கு மச்சம் உண்டு, வலது கண்ணுக்குக் கீழே. அட்டையைப் பார்த்தே எழுதியிருக்கிறார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கெட்ட தண்ணீரை ஊற்றிக் கொடுக்கிறாள். பிடிபடுகிறாள். ஜனங்கள் கூடி, அதே தண்ணீரை ஒரு டம்ளரில் அவள் கையில் கொடுக்கிறார்கள். அவள் எந்தத் தண்ணீர் என்று கேட்காமல் வாங்கிக் குடிக்கிறாள். நாவல் முடிகிறது.

பிழை திருத்திக் கொடுத்தேன். இரண்டு இடத்தில் ப் விட்டிருந்தார், போட்டேன்.

16-1-57, புதன்

ஊத்தங்கரை போய் அவளை அழைத்து வந்தேன்.

புத்தகம் வெளியே வருவதற்குள் அவள் இங்கே, என் கண்ணெதிரில் இருப்பது நல்லது என்று கணக்குப் போட்டேன். அது மட்டுமே காரணம் என்று எழுதினால் பொய்.

கூடத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளைத்திருக்கிறாள். அந்த வார்த்தைக்காக நிற்கிறாள் என்று தெரிந்தது. அவள்மேல் தவறில்லை, கிணறுதான் என்று எனக்கு இப்போது தெரியும். தெரிந்தவன் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மாரிசாமியும் அவர் வீட்டு அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் நான் எப்படிச் சொல்வது?

"வா, போகலாம்" என்றேன்.

"அவ்ளோதானா?" என்றாள்.

"பஸ்ஸுக்கு நேரமாகுது."

அவள் உள்ளே போய்த் துணி மூட்டையை எடுத்து வந்தாள். அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு பழைய அலுமினியத் தட்டைத் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நானும் பார்த்தேன், நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். அதனால்தான் வந்தாள் என்று நினைக்கிறேன். எனக்காக அல்ல.

23-1-57

காலையில் எழுந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு கடைத்தெரு தாண்டி அச்சாபீஸ் கிணற்றுக்குப் போகிறாள். பக்கத்தில் இருக்கிற தெருக் கிணற்றைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் தூக்கட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் போய்விட்டாள்.

களி, அவரைக்குழம்பு. வீட்டில் மனிதவாடை. ஒரு வாரமாக நன்றாகத் தூங்குகிறேன். அதிகம் பேசுவதில்லை, ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். இப்படியே இருந்தால் போதும்.

10-2-57, ஞாயிறு

நாராயணப்பன் வீட்டுக் களத்தில் பந்தல் போட்டு, புத்தகம் வெளியிட்டார்கள். கேசரி, காராபூந்தி. யாரும் கதையைப் பற்றிப் பேசவில்லை, அட்டையைப் பற்றித்தான் பேச்சு. சேலத்திலிருந்து வந்த ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு மாலை போட்டார்கள். மாலையோடு வீட்டுக்கு வந்தேன். "எதுக்கு?" என்றாள். தொழிலில் மரியாதை என்றேன். வாங்கி மாடத்தில் வைத்தாள்.

புத்தகத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

17-2-57

மாரிசாமி புத்தகத்தோடு வந்து நிற்கிறார்! பஸ் ஸ்டாண்டில் விற்கிறார்களாம்.

"பாருங்க மாப்ளே, நம்ம வெள்ளையம்மா ஜாடை அப்படியே இல்ல? நான் ஆடிப்போயிட்டேன். அப்பறந்தான் பாத்தேன், மச்சம் எதிர்ப்பக்கம் இருக்குது. எவளோ ஒருத்தி." அவரே சொல்லி அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். கெம்பம்மா வந்து பார்த்தாள், அவளும் மச்சத்தைத்தான் காட்டினாள், இல்லை இல்லை என்று தலையாட்டினாள். என் கணக்கு பலித்துவிட்டது.

வெள்ளையம்மா எல்லாருக்கும் காப்பி கொண்டுவந்தாள். புத்தகத்தை வாங்கி ஒரு தடவை பார்த்தாள். "நல்லா வரஞ்சிருக்கீங்க" என்றாள். அண்ணனிடம், "வெச்சிட்டுப் போண்ணா, படிச்சிட்டுத் தரேன்" என்றாள். ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். கடைசி வரைக்கும் போகமாட்டாள்.

26-2-57

படிக்கிறாள். அடுப்படியில் ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் புத்தகம். குப்பை அது, நேரத்தை வீணாக்காதே என்றேன். "உங்க பேரு போட்டிருக்குதே" என்றாள்.

5-3-57

சாயங்காலம் வந்தபோது, சுவரில் கண்ணாடிக்குப் பக்கத்தில் அந்த அட்டை. புத்தகத்திலிருந்து கிழித்து, கூழ் தடவி ஒட்டியிருக்கிறாள். கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"என்ன இது?" என்றேன்.

"எல்லாரும் மச்சம் மாறியிருக்குதுன்னாங்க" என்றாள். "எனக்கு மாறல."

மாறித்தானே இருக்கிறது என்றேன்.

"இங்க வந்து நில்லுங்க." என் தோளைப் பிடித்துத் தன் பின்னால் நிறுத்தினாள். கண்ணாடியில் அவள் முகம், பக்கத்தில் என் அட்டை. இரண்டிலும் மச்சம் ஒரே பக்கத்தில் இருந்தது. "நான் தெனம் பாக்கற மூஞ்சி இதுதாங்க. என்னை நான் வேற எப்பிடிப் பாப்பேன்?"

ஊரெல்லாம் ஏமாந்தது. ஒருத்திக்கு மட்டும் அப்படியே கண்ணாடியாக வெட்டிக் கொடுத்திருக்கிறேன். முப்பது வருஷம் கத்தி பிடித்தாலும் இந்தப் புத்தி எனக்கு வந்திருக்காது.

சீப்பில் இருந்த முடியைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். "புள்ளைக்குத் தண்ணி புகட்டுனான்னு அவருக்கு யாரு சொன்னது?"

நான் சட்டையைக் கழற்றினேன். மடித்தேன். மறுபடியும் மடித்தேன். அவள் சமைக்கப் போனாள். நான் சாப்பிட்டேன். கத்தினால் தேவலை. ஏன்டா பாவி என்று கேட்டால் தேவலை. அழ மாட்டேங்கறாளே. என்னதான் செய்யப் போறா?

6-3-57

ஊத்தங்கரைக்குப் போகிறாயா என்று கேட்டேன். "எதுக்கு?" என்றாள்.

8-3-57

அட்டையைக் கிழித்துப் போடலாம் என்று கிட்டே போனேன். தலைப்பில் நடுவே தாள் வெளுத்திருந்தது. கொண்டை ஊசியால் அந்த ப்பை மட்டும் சுரண்டி எடுத்திருக்கிறாள். கடைசி பாவி. சத்தம் போட்டுப் படித்துப் பார்த்தேன், இரண்டு விதமாகவும். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

கிழிக்கவில்லை.

11-3-57, திங்கள்

காலையில் குடத்தோடு போனாள். வழக்கமாக ஆகிற நேரம் ஆகவில்லை, சீக்கிரமே திரும்பிவிட்டாள். சேலை முந்தானையில் ஈரம். கெம்பம்மா வாசலில் இருந்து அவளிடம் ஏதோ கன்னடத்தில் கேட்டாள், இவளும் கன்னடத்திலேயே பதில் சொன்னாள். எப்போது கற்றுக்கொண்டாள்? எனக்குப் புரியவில்லை.

பலகையில் உட்கார்ந்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். போகாமல் நின்றாள். தெளிந்த தண்ணீர்தான். வாசனை இருக்கிறதா என்று முகர்ந்து பார்க்கக்கூட அவள் முன்னால் எனக்குக் கை வரவில்லை.

"குடிங்க" என்றாள்.

எந்தத் தண்ணீர் என்று நான் கேட்கவில்லை. குடித்தேன்.

12-3-57

இன்றும் வைத்தாள்.